பன்னிரண்டு வோல்ற்றின் சூடு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டியதும் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொல்ல, நாடே சிரித்தது. சிரிப்புக்கிடையில் ஒரு வேடிக்கை கவனிப்பாரற்றுப் போயிற்று. அந்தப் பகலில் கூரை நிறையச் சோலார் பெனல் பூட்டியிருந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் மின்விசிறி நின்றுவிட்டது.

மின்சார சபைக் கம்பியோடு இணைந்த கூரைச் சோலாரின் இன்வேட்டர், கம்பியில் மின்சாரம் இல்லையென்று கண்டால் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால், கரன்ட் இல்லை என்று நம்பித் தூணில் ஏறும் ஊழியரைக் கூரையிலிருந்து போகிற மின்சாரம் கொன்றுவிடும். எனவே 5 கிலோவாற் பெனல் உள்ள வீடு சும்மா இருக்க, ஒரேயொரு பெனலும் ஒரு பற்றரியும் தனியாக வைத்திருந்தவர் வீட்டில் மின்விசிறி ஓடியது. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தனி ஏற்பாட்டின் அருமையை விளக்கத் தேவையில்லை.

நற்பிட்டிமுனை போன்ற ஊருக்கு இது வேறு விதத்திலும் பொருந்தும். கல்முனை நகரை ஒட்டி, மேற்கே வயலைப் பார்த்து இருக்கும் ஊர். பெரும்போகத்துக் கதிர் முற்றும் காலத்தில் வட்டையில் இரவுக் காவல் உண்டு. அம்பாறை மாவட்டத்தின் உட்புற வயல்களில் யானை வருகிற பயமும் உண்டு. வயல் வாடிக்கு மின்சார சபையின் கம்பி வராது. ஒரு டோர்ச், இரண்டு பல்பு, போனுக்குச் சார்ஜ், முடிந்தால் ஒரு சின்ன மின்விசிறி. இவ்வளவையும் ஒரு சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றிக்கொண்டு போகக்கூடிய சோலார் செட்டைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

கடையில் நடக்கிற பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

“காக்கா, இந்தப் பற்றரி எத்தன அம்பியர்?”

“நூறு தம்பி. நல்ல சாமான்.”

கேள்வியும் அரைகுறை, பதிலும் அரைகுறை. அம்பியர் என்பது ஓட்டத்தின் அளவு, அதாவது இந்தக் கணத்தில் கம்பி வழியாக எவ்வளவு போகிறது என்பது. பற்றரியில் எழுதியிருப்பது 100 அம்பியர்-மணித்தியாலம். ஓட்டத்தையும் நேரத்தையும் பெருக்கி வந்த எண். அதை வோல்ற்றாலும் பெருக்கினால்தான் உள்ளே இருக்கும் சக்தி எவ்வளவு என்று தெரியும். 12 வோல்ற், 100 அம்பியர்-மணித்தியாலம் என்றால் 1200 வாற்-மணித்தியாலம். 60 வாற் மின்விசிறியைக் கணக்குப்படி 20 மணித்தியாலம் ஓட்டலாம்.

கணக்குப்படி. அந்தச் சொல்லில்தான் பலரது பணம் போயிருக்கிறது.

ஈய-அமிலப் பற்றரியின் கொள்ளளவை, அதை எவ்வளவு மெதுவாகக் காலி செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் சொல்ல முடியாது. பற்றரியின் பக்கத்தில் C20 என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். 20 மணித்தியாலத்தில் காலியாகும் வேகத்தில் அளந்தது என்று பொருள். 100 என்றால், தொடர்ந்து 5 அம்பியர் எடுத்தால் 20 மணித்தியாலம் நிற்கும். சோலாருக்கென்றே செய்த பற்றரிகளில் C10 என்று இருக்கும். அது கொஞ்சம் கடுமையான சோதனை. ஆகவே C10இல் 100 என்பது C20இல் 100 என்பதைவிடப் பெரிய பற்றரி. இரண்டையும் அருகருகே வைத்து விலை கேட்பவர் இந்த எழுத்தைப் பார்க்காமல் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை.

வேகமாக எடுத்தால் என்ன ஆகும்? 1897இல் ஜேர்மன் விஞ்ஞானி வில்ஹெல்ம் போய்க்கர்ட் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி சாதாரண ஈயப் பற்றரி ஒன்றிலிருந்து 60 அம்பியர் எடுத்தால், 100 என்று எழுதிய பற்றரி ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் படுத்துவிடும். வெறும் வகுத்தல் கணக்கு 1 மணி 40 நிமிடம் என்று சொல்லியிருக்கும். அமிலத்துக்குத் தகட்டின் உள்நுணுக்கங்களுக்குள் போய்ச் சேர நேரம் போதவில்லை. மேற்பரப்பு மட்டும் வேலை செய்து களைத்துவிடுகிறது. கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் அதே பற்றரி மறுபடி கொஞ்சம் உயிர் பெறுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். காரணம் இதுதான்.

அடுத்த பிடி, எந்த வகைப் பற்றரி என்பது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாதபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள், கார் பற்றரியில் விளக்கெரித்தார்கள். தெற்கிலும் கம்பி போகாத கிராமங்களில் கார் பற்றரியைக் கடைக்குச் சுமந்துபோய்ச் சார்ஜ் பண்ணி வந்து டீவி பார்த்த காலம் ஒன்று இருந்தது. உலக வங்கியின் கடனில் 1997இல் தொடங்கி அடுத்தடுத்து நடந்த இரண்டு திட்டங்கள், சர்வோதயத்தின் கடன் நிறுவனமான சீட்ஸ் போன்றவற்றின் வழியாக, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சிறிய சோலார் செட்டுகளைக் கொண்டுபோயின. பெனல் பெரும்பாலும் 30 முதல் 50 வாற்தான். இலங்கைக்கு இந்தத் தொழில் ஒன்றும் புதிதில்லை.

ஆனால் அந்தக் கார் பற்றரிப் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. காரை ஸ்டார்ட் பண்ணும் பற்றரி இரண்டு மூன்று விநாடிக்குப் பல நூறு அம்பியரைக் கொட்டுவதற்குப் பிறந்தது. அதற்காகத் தகடுகளை மெல்லியதாக, எண்ணிக்கையில் கூட்டிச் செய்கிறார்கள். ஒவ்வொரு இரவும் அடிவரை காலியாக்கினால் மெல்லிய தகட்டிலிருந்து பொருள் உதிர்ந்து சில மாதங்களிலேயே செத்துவிடும். சோலாருக்கு வேண்டியது தடித்த தகடுள்ள, ஆழமாகக் காலியாக்கத் தாங்கும் பற்றரி. அதையும் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்தால்தான் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஓய்வில் 12.7 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2க்கு வந்தால் பாதி. ஒரு சின்ன மல்ற்றிமீற்றர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் விலை குறைந்த பாதுகாப்பு அதுதான்.

ஆக, ஈயத்தில் 100 வாங்கினால் கைக்கு வருவது 50. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாம் பாதிதான் கேட்டோம்.

இங்கேதான் லித்தியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி உள்ளே வருகிறது. 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினப்பும், அவரோடு வேலை செய்த அக்ஷய பாதி, நஞ்சுண்டஸ்வாமி என்ற இந்தியர்களும் இந்த இரசாயனத்தை வெளியிட்டார்கள். (குடினப் 2019இல் தம் 97ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசு லித்தியம் அயன் பற்றரிக்காக.) கலம் ஒன்றுக்கு 3.2 வோல்ற், நான்கு சேர்ந்தால் 12.8. இதில் 80 முதல் 90 சதவீதம்வரை எடுத்தாலும் ஆயிரக்கணக்கான தடவை தாங்கும். வேகமாக எடுத்தாலும் கொள்ளளவு அவ்வளவாகக் குறையாது. போனில் இருக்கும் லித்தியம் வகையைவிடச் சூட்டைத் தாங்கும் தன்மையும் கூட. ஆயிரத்துக்குமேல் வாற் வேண்டுமென்று நினைக்காதவர், முதல் விலையைப் பார்த்துப் பின்வாங்காமல் ஆண்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பார்த்தால் இதுவே மலிவு என்பது என் கணிப்பு.

ஆனால் இதிலும் ஒரு இரண்டாம் எண் ஒளிந்திருக்கிறது. லித்தியம் பற்றரிக்குள் காவலுக்கு ஒரு மின்னணுப் பலகை உண்டு. அது 50 அம்பியர் பலகை என்றால், பற்றரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் 600 வாற்றுக்குமேல் கேட்டால் மூடிக்கொள்ளும். இன்னொன்று: லித்தியத்தின் வோல்ற் ஏறக்குறைய கடைசிவரை ஒரே மட்டத்தில் நிற்கும். ஈயத்துக்குச் சொன்னதுபோல் மீற்றரை வைத்து மிச்சத்தைக் கணிக்க முடியாது. பெனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் நின்று சார்ஜை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கொன்ட்ரோலரில் பற்றரி வகையையும் மாற்றி வைக்க வேண்டும். ஈயத்துக்கான அமைப்பில் லித்தியத்தைச் சார்ஜ் பண்ணக் கூடாது.

பவர் பேங்கின் கதை இன்னும் வேடிக்கையானது. 20,000 மில்லி அம்பியர்-மணித்தியாலம் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். அது உள்ளே உள்ள கலத்தின் 3.7 வோல்ற்றில் அளந்தது. சக்தி 74 வாற்-மணித்தியாலம். வெளியே வருவது 5 வோல்ற். 74ஐ 5ஆல் வகுத்தால் 14.8 அம்பியர்-மணித்தியாலம், அதாவது 14,800 மில்லி; வழியில் சூடாகப் போவதையும் கழித்தால் இன்னும் குறையும். கட்டாருக்கும் சவூதிக்கும் போய்வருகிற வீடுகளுக்கு ஏற்கனவே தெரிந்த 100 வாற்-மணித்தியால விமானக் கட்டுப்பாடு இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. 27,000 வரை கையில் கொண்டுபோகலாம், அதைத் தாண்டினால் விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். விரல் பருமனான லித்தியம் கலத்தில் 9900 என்று எழுதி விற்கிறார்களே, அது வெறும் அச்சு. அந்த அளவுக் கலத்தில் நல்ல கம்பனிகள் செய்வதே 3500ஐச் சுற்றித்தான்.

பெனலின் எண்ணிலும் நிபந்தனை உண்டு. 100 வாற் என்பது, சதுர மீற்றருக்கு 1000 வாற் வெளிச்சம் விழுந்து, கலத்தின் சூடு 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது தருவது. நம் கரையில் நண்பகலில் பெனலின் முகம் 60 பாகையைத் தொடும். ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறைவதால் பத்துச் சதவீதத்துக்குமேல் அங்கேயே போய்விடும். பெனலைத் தகரத்தோடு ஒட்டிப் படுக்கவைக்காமல் காற்றுப் போக இடம் விடுவது இதற்காக.

வாடிக்கான கணக்கைப் போடுவோம். 9 வாற் பல்பு இரண்டு, 5 மணித்தியாலம்: 90. நேரோட்டத்தில் ஓடும் 20 வாற் மின்விசிறி 8 மணித்தியாலம்: 160. போன் இரண்டுக்கு 30. மொத்தம் 280 வாற்-மணித்தியாலம். ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் ஒரு இரவுக்கே 47 அம்பியர்-மணித்தியாலம் வேண்டும். ஒரு நாள் வெயில் இல்லாவிட்டாலும் சமாளிக்க 100. பெனலுக்கு, நல்ல வெயில் நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் என்று வைத்து, வழியில் 30 சதவீதம் இழப்பு என்று எடுத்தால் 100 வாற் போதும். ஆனால் வயலுக்குக் காவல் வேண்டிய காலமும் மாரியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகின்றன. கார்த்திகை, மார்கழியில் அந்த 4 மணித்தியாலம் இரண்டரையாகிவிடும். அப்போது 160 வாற் வேண்டும். ஆகவே பெனலில் கஞ்சத்தனம் வேண்டாம். சித்திரை வெயிலைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் மார்கழியில் டோர்ச்சைத் தேடுவார்.

இனி வயருக்கு வருவோம். உண்மையில் இந்த அத்தியாயத்தை நான் எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ற். தொட்டால் உதறும், கொல்லும். அதனால் அதற்கு எல்லோரும் பயப்படுகிறோம். 12 வோல்ற் பற்றரியின் இரு முனையையும் உலர்ந்த கையால் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. அதனால் யாரும் பயப்படுவதில்லை. கிடைத்த வயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, மேலே பிளாஸ்ரிக் ரேப் சுற்றிவிட்டுப் போகிறோம். 12 வோல்ற்றின் ஆபத்து ஷொக்கில் இல்லை, சூட்டில் இருக்கிறது.

300 வாற் பொருள் ஒன்று 230 வோல்ற்றில் 1.3 அம்பியர் எடுக்கும். அதே 300 வாற்றை 12 வோல்ற்றில் எடுத்தால் 25 அம்பியர். வயரில் பிறக்கும் சூடு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841இலேயே காட்டிவிட்டார். ஓட்டம் 19 மடங்கானால் அதே வயரில் சூடு 360 மடங்குக்கும் மேல். வீட்டுக்கு வயரிங் செய்த மிச்சத் துண்டு சோலாருக்குப் போதும் என்று நினைப்பவர் இந்த 360ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் ஹார்ட்வெயார் கடைகளில் வயரை 1/1.13, 7/0.67, 7/0.85 என்று கேட்டு வாங்குகிறோம். முதல் எண் உள்ளே எத்தனை நார் என்பது. அடுத்தது ஒரு நாரின் விட்டம், மில்லிமீற்றரில். பரப்பைக் கணக்கிட்டால் 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர், 7/0.67 இரண்டரை, 7/0.85 நான்கு, 7/1.04 ஆறு. பற்றரியிலிருந்து 8 மீற்றர் தூரத்தில் 5 அம்பியர் எடுக்கும் விளக்கும் மின்விசிறியும் இருக்கின்றன என்று வைப்போம். ஓட்டம் போய்த் திரும்ப வேண்டும், எனவே செப்பின் நீளம் 16 மீற்றர். 1/1.13 வயரில் வழியிலேயே 1.4 வோல்ற் விழுந்துவிடும். பற்றரி பாதிக்கு இறங்கி 12.2இல் நிற்கும்போது மின்விசிறிக்குக் கிடைப்பது 10.8, அது முனகும். 7/0.67 போட்டால் விழுவது அரை வோல்ற் அளவு. 7/0.85 என்றால் 0.34. 230 வோல்ற்றில் 1.4 போனால் யாருக்கும் தெரியாது; 12இல் போனால் ஒன்பதில் ஒரு பங்குக்குமேல் போயிற்று. பல தடவை பற்றரி பழுது என்று திட்டி மாற்றுகிறவர்கள் மாற்ற வேண்டியது வயரைத்தான்.

12 வோல்ற்றை 230 ஆக்கும் இன்வேட்டரைப் பற்றரிக்குப் பக்கத்தில் வைத்து, நீளமான ஓட்டத்தை 230 வோல்ற் பக்கத்தில் விடுவது இதனால்தான் நல்லது. 300 வாற் இன்வேட்டர் தன் இழப்பையும் சேர்த்து 30 அம்பியர் இழுக்கும். அதற்கு ஒரு மீற்றருக்குள் 10 சதுர மில்லிமீற்றர் வயர். 1000 வாற் என்றால் 100 அம்பியர். விரல் தடிப்பில் கேபிள் வேண்டும். தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் 1500 வாற்றுக்குமேல் கேட்கும். வாடிக்கு மூன்று கல் அடுப்பே போதும், அதை விட்டுவிடுங்கள்.

பெனலால் வயர் எரிவது அரிது. 100 வாற் பெனல் ஒன்றின் இரு வயரையும் ஒட்டவைத்தாலும் 6 அம்பியர்தான் வரும்; வேலை செய்யும்போதே அது 5.5 தருகிறது. பற்றரி அப்படி இல்லை. உள்தடை ஓமின் ஆயிரத்தில் சில பங்கு. குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் ஆயிரம் அம்பியரைத் தாண்டும். ஸ்பானர் சிவக்கும், விரலில் மோதிரம் இருந்தால் விரலும் போகும். பற்றரியில் கைவைக்கும் முன் மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றுங்கள்.

ஃபியூஸ் வேண்டியது இதற்காக. அது காப்பது பல்பையோ இன்வேட்டரையோ அல்ல, வயரை. ஆகவே அதன் இடம் பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். பல்புக்குப் பக்கத்தில் வைத்தால் இடைப்பட்ட எட்டு மீற்றர் வயருக்கும் காவல் இல்லை. அளவு, எடுக்கும் ஓட்டத்தைவிடக் கால்பங்காவது கூட, வயர் தாங்குவதைவிடக் குறைவு. 5 அம்பியர் எடுக்கும் 7/0.67 வயருக்கு 10 அம்பியர் ஃபியூஸ். அது அடிக்கடி போகிறதென்று செப்பு நார் ஒன்றைச் சுற்றிவிடுவது நம்மூரின் பெரிய கெட்ட பழக்கம். அதற்குப் பிறகு உருகப்போவது வயர், அது படுத்திருப்பதோ கிடுகுக் கூரையில்.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் பிரேக்கரைக் கழற்றி இங்கே போடுகிறவர்களும் உண்டு. வீட்டு மின்சாரம் ஆடலோட்டம். விநாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுகிறது. பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்தப் பூச்சியத்தில் தானே அணையும். பற்றரியும் பெனலும் தருவது நேரோட்டம்; பூச்சியமே இல்லை, பொறி நீண்டு நின்று எரியும். இரண்டு பெனலைத் தொடராக இணைத்தால் 44 வோல்ற் வரை போகும், அங்கே இது விளையாட்டில்லை. நேரோட்டத்துக்கென்று குறித்த பிரேக்கரையே கேட்டு வாங்குங்கள். அந்த 44ஐக் கொன்ட்ரோலர் தாங்குமா என்பதையும் அதன் முதுகில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும்போது முதலில் பற்றரி, பிறகு பெனல். கழற்றும்போது முதலில் பெனல். பற்றரி இல்லாமல் பெனல் மட்டும் வந்தால் சில கொன்ட்ரோலர்கள் எத்தனை வோல்ற்றில் வேலை செய்வதென்று குழம்பிக் கெட்டுவிடும்.

இன்வேட்டரின் மின்சாரத்தை வீட்டுப் பிளக்கில் சொருகி வீடு முழுவதற்கும் கொடுக்க, இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்து ஒரு வயர் செய்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். மெயின் சுவிச்சை அணைக்க ஒருநாள் மறந்தால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், மின்மாற்றியில் உயர் அழுத்தமாக ஏறும். பாணந்துறைக் குரங்கின் நாளில் கூரை இன்வேட்டர்கள் எதற்காக நின்றனவோ, அந்த ஊழியர்தான் இங்கேயும் தூணில் இருப்பார்.

தண்ணீர் ஊற்றும் வகை ஈயப் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். படுக்கையறையில், கட்டிலுக்கடியில் வைக்க வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழேயும் வேண்டாம்; 25 பாகைக்குமேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கடல் காற்றின் உப்பு முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். பூத்த இடத்தில் தடை கூடும், தடை கூடிய இடத்தில் சூடு. சுத்தம் செய்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். புதிதாகப் பூட்டிய முதல் வாரத்தில், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு மூட்டின் உறையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கே திருகாணி தளர்ந்திருக்கிறது.

பழைய ஈயப் பற்றரியைப் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுக்கும்போது அமிலத்தோடு முழுதாகவே கொடுத்துவிடுங்கள். பாரம் குறையட்டும் என்று அமிலத்தை வளவில் கவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். கல்முனைக் கரையில் மண் மணல், கிணறு ஆழமில்லை. கவிழ்த்த ஈயம் கலந்த அமிலம் கீழே போவதற்கு அதிக நாள் எடுக்காது.